இன்சுலின் பம்ப் போடலாமா? பன்னிரண்டு வயது மகளுக்கு டைப் 1

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இப்போது ராத்திரி டெக்லுடெக் (நீண்ட நேர இன்சுலின்), சாப்பாட்டுக்கு அஸ்பார்ட் (வேக இன்சுலின்), இரண்டும் பென் ஊசி. ஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எட்டரைக்குக் கீழே இறங்குவேனா என்கிறது. கொஞ்ச காலமாக விடியற்காலையில் சுகர் தானாக ஏறுகிறது. படுக்கும்போது 140 இருக்கும், எழுந்தால் 260. சரி என்று ராத்திரி டோஸைக் கூட்டினால் நடுச்சாமத்தில் 60-க்கு விழுகிறது. மனைவியும் நானும் முறை போட்டு அலாரம் வைத்து எழுந்து விரல் குத்திப் பார்க்கிறோம்.

டாக்டர் பம்ப் பற்றி யோசியுங்கள் என்றார். விற்கிறவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து நன்றாகத்தான் விளக்கினார். விலையைச் சொன்னதும் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. நான் தனியார் வேலையில் இருக்கிறேன். நகை இருக்கிறது, கடனும் புரட்டலாம். பணம் போட்டால் கட்டுப்பாடு நிஜமாகவே வருமா என்பதுதான் கேள்வி. "உடம்பில் மிஷினை மாட்டிவிட்டால் நாளைக்கு யார் கட்டிப்பாங்க" என்கிறார் மாமனார். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. மற்றதற்கு இல்லை. பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

கீழமாசிவீதி:

இருபது வருஷத்துக்கு மேலாக டைப் 1, பல வருஷமாக பம்பில் இருக்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், பாப்பாவுக்கு சென்சார் (தோலில் ஒட்டி சுகரை விடாமல் பார்க்கும் கருவி) போட்டிருக்கிறீர்களா? விரல் குத்திப் பார்ப்பதாக எழுதியிருப்பதால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பம்ப் பேச்சை இரண்டாவதாக வையுங்கள் சார்.

பம்ப் சுகரைப் பார்க்காது. வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சொட்டுச் சொட்டாகத் தோலுக்கடியில் அனுப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும், அல்லது சென்சார் சொல்ல வேண்டும். சென்சார் இல்லாத பம்ப், விலை அதிகமான பென். இப்படிச் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

காவிரிக்கரை:

ஒரு தடவை பதினாலு நாள் சென்சார் ஒட்டினோம். ஒன்று ஐயாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது என்பதால் தொடரவில்லை. அதில் வந்த சுகர் ஏற்ற இறக்கப் படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் விடியற்காலை விஷயத்தையே சொன்னார்.

நர்ஸ்அக்கா:

வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கான பயிற்சி செவிலியர். எந்தக் கம்பெனியோடும் தொடர்பு இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு நடப்பது இந்த வயதில் ரொம்ப சகஜம். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் ராத்திரி அதிகமாகச் சுரக்கும், அது இன்சுலினுக்கு எதிராக நிற்கும். விடிகிற நேரத்தில் கார்டிசோலும் சேர்ந்துகொள்ளும். டெக்லுடெக் மாதிரி நீண்ட நேர இன்சுலினின் பெருமையே நாள் முழுக்க ஒரே சீராக வேலை செய்வது. ஒரு மணிக்குக் குறைந்துகொள், நாலு மணிக்குக் கூடிக்கொள் என்று அதனிடம் சொல்ல முடியாது. அதனால்தான் கூட்டினால் நடுச்சாமத்தில் விழுகிறாள், குறைத்தால் காலையில் ஏறுகிறாள். பம்பில் அந்த நேரப் பிரிவினை உண்டு. நள்ளிரவுக்கு மணிக்கு 0.4 யூனிட், மூன்று மணியிலிருந்து 0.65 என்று வைக்கலாம் (எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் மகளுக்கானவை டாக்டர் சொல்வதுதான்). ஆகவே டாக்டர் காரணமில்லாமல் பம்ப் பேச்சை எடுக்கவில்லை.

பம்ப் என்று எல்லோரும் ஒரே பெயரில் பேசுகிறோம், உள்ளே மூன்று விதம் இருக்கிறது. சொன்னதை மட்டும் செய்கிற சாதா பம்ப் ஒன்று. சுகர் விழப்போகிறது என்று சென்சார் சொன்னால் இன்சுலினை நிறுத்திக்கொள்கிற பம்ப் இன்னொன்று. மூன்றாவது, சென்சாரைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிறது. மினிமெட் 780ஜி இந்த மூன்றாவது ரகம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சென்சார் எண்ணைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும், இலக்கை 100, 110, 120 என்று மூன்றில் ஒன்றாக வைக்கலாம். ஆனால் சாப்பாட்டுக்கு எவ்வளவு மாவுச்சத்து என்பதை நாம்தான் அழுத்த வேண்டும். "எல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாடு வருமா என்று கேட்டீர்கள். இறுக்கமான கட்டுப்பாட்டால் என்ன பலன் என்பதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வு 1993-இல் வெளிவந்தது. ஏ1சி ஏழு பக்கம் இருந்தவர்களுக்கு, ஒன்பது பக்கம் இருந்தவர்களைவிட, விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அதில் பம்ப் போட்டவர்களும் இருந்தார்கள், நாளுக்கு மூன்று நாலு ஊசி போட்டவர்களும் இருந்தார்கள்.

பம்ப் தனியாக என்ன செய்கிறது என்பதற்கு பிரிட்டனில் ரிபோஸ் என்று ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2017-இல் வந்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் முதலில் மாவுச்சத்துக் கணக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாதிப் பேருக்கு பம்ப், பாதிப் பேருக்கு ஊசி. இரண்டு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஏ1சி வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அது சாதா பம்ப் காலத்து ஆய்வு, தானே மாற்றிக்கொள்ளும் இப்போதைய பம்ப் இன்னும் நன்றாகச் செய்கிறது. இருந்தாலும் என் அனுபவத்தில், கணக்குப் படிக்காமல் பம்ப் வாங்கிய வீடுகளில் ஆறு மாதத்தில் பம்ப் பீரோவுக்குப் போய்விடுகிறது.

உங்கள் வீட்டில் கார்ப் (மாவுச்சத்து) கணக்குப் பார்க்கிறீர்களா, இல்லை "மூணு இட்லிக்கு ஆறு யூனிட்" என்று நிரந்தர டோஸா?

காவிரிக்கரை:

நிரந்தர டோஸ்தான் மேடம். ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டால் ஒரு யூனிட் கூட்டுவோம்.

நர்ஸ்அக்கா:

அப்போ அங்கேயே நிறைய இடம் இருக்கிறது. தோராயக் கணக்கு இப்படி: ஒரு நாளுக்கு மொத்தம் (நீண்ட நேரம், குறுகிய நேரம் இரண்டும் சேர்த்து) 40 யூனிட் என்று வையுங்கள். 500-ஐ 40-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஒரு யூனிட் ஏறக்குறைய 12 கிராம் மாவுச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 1800-ஐ 40-ஆல் வகுத்தால் 45. ஒரு யூனிட் சுகரை 45 அளவுக்கு இறக்கும். இது தொடக்கப் புள்ளி மட்டும். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று போகப் போக மாறும். டாக்டரிடம் கேட்டு உங்களுக்கானதை வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப் வந்தாலும் இதே எண்களைத்தான் அதில் போடப்போகிறீர்கள்.

சிறுவாணி:

அண்ணா, நான் கோயம்புத்தூர். பையனுக்கு ஒன்பது வயசு, 780ஜி போட்டிருக்கோம். எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்குங்க, முதல்லயே சொல்லிடறேன். ராத்திரித் தூக்கம் திரும்ப வந்தது. சுகர் 70-லிருந்து 180-க்குள் இருக்கும் நேரம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பார்கள் இல்லையா, பென்னில் பாதிகூட வராது, இப்போது பெரும்பாலான வாரம் அதைத் தாண்டுகிறான்.

ஆனால் வேலை குறையவில்லை, வேலை வேற மாதிரி ஆயிடுச்சு. சமையல்மேடையில் தராசு எப்பவும் இருக்கும். நூறு கிராம் சோற்றில் கிட்டத்தட்ட 28 கிராம் மாவுச்சத்து, அதை வைத்துக் கணக்கு. இட்லி அவரவர் தட்டைப் பொறுத்தது. எங்கள் வீட்டு இட்லியை நிறுத்துப் பார்த்துத்தான் எண் போட்டோம், புத்தகத்து இட்லி நம்ம இட்லி இல்லை. வெண்பொங்கல், பரோட்டா, பிரியாணி இந்த மூணும் தனி ரகம். நெய்யும் எண்ணெயும் மாவுச்சத்தை இழுத்துப் பிடித்து வைத்து மூணு மணி நேரம் கழித்து விடும். சாதா முறையில் போலஸை (சாப்பாட்டு டோஸை) பிரித்துக் கொடுக்கலாம். தானியங்கி முறையில் இருக்கும்போது அந்த வசதி கிடையாது, பம்பே பின்னால் சிறுசிறு திருத்தம் போட்டுச் சமாளிக்கும். பொங்கலுக்கு ஓரளவு சமாளிக்கும். பரோட்டாவுக்கு, ம்ஹூம்.

எங்களுக்குப் பெரிய நிம்மதி கல்யாணப் பந்தி. இலையில் என்ன வரும், எத்தனை தடவை வரும் என்று யாருக்குத் தெரியும்? சாதத்துக்கு ஒரு தடவை அழுத்துவான். பாயசம் வந்தால் இன்னொரு தடவை. சட்டையைத் தூக்கி ஊசி போடுவதை எதிர்வரிசைப் பாட்டி வேடிக்கை பார்ப்பது இல்லை.

ஊசியே_போதும்:

எதிர்க்கட்சி சார்பில் ஒரு குரல். சென்னை, ஐடி வேலை, பதின்மூன்று வயதிலிருந்து டைப் 1. பம்ப் போட்டிருந்தேன், வாரண்டி முடிந்ததும் புதிது வாங்கவில்லை. காரணம் பம்ப் மோசம் என்பதில்லை.

எல்லோரும் பம்ப் விலையைத்தான் கேட்கிறார்கள். நகையை வைத்தால் அது ஒரு தடவையோடு போய்விடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு இன்ஃப்யூஷன் செட் (உடம்பில் ஒட்டும் குழாய்), ரிசர்வாயர் (இன்சுலின் நிரப்பும் குப்பி), வாராவாரம் சென்சார், அப்புறம் இன்சுலின். எனக்கு மாதம் இருபதாயிரத்தைத் தாண்டியது. கையிருப்பு குறைந்த மாதங்களில் சென்சாரைத் தள்ளிப்போடுவேன். சென்சார் இல்லையென்றால் தானியங்கி முறை படுத்துவிடும், லட்சங்கள் கொடுத்த பொருள் சாதா பம்பாகிவிடும். செட்டை நாலு நாள் ஐந்து நாள் இழுப்பேன், அந்த இடம் சிவந்து தடித்து இன்சுலின் ஏறாது. இன்ஷூரன்ஸில் கேட்டேன், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் என்றார்கள்.

இப்போது டெக்லுடெக், சாப்பாட்டுக்கு பென், சென்சார் மட்டும் விடாமல். பம்பில் இருந்த அளவுக்கு இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிறேன். அண்ணா, விற்பவரிடம் ஒரு காகிதத்தில் நாலு வருஷத்துக்கான மொத்தச் செலவை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகையை 48-ஆல் வகுத்து, பள்ளிக் கட்டணம் கட்டுகிற ஜூன் மாதத்திலும் அது கையில் இருக்குமா என்று பாருங்கள்.

சிறுவாணி:

தம்பி சொல்வது சரிதான். நாங்கள் ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், மாமியார் வீடு கொஞ்சம் கைகொடுக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நானும் இதே பதிவைத்தான் எழுதியிருப்பேன். பக்கத்துக் கேரளாவில் மிட்டாயி என்று அரசுத் திட்டமே இருக்கிறது, டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் பென், சென்சார், தேர்ந்தெடுத்த சிலருக்கு பம்ப்பும் கொடுக்கிறார்கள். வாளையாறு தாண்டினால் வேற உலகம்.

இயற்கைவழி: 

[பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்:

டைப் 1 உள்ளவர்களை இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. டைப் 1-இல் கணையத்தின் பீட்டா செல்கள் அழிந்து இன்சுலின் சுரப்பே நின்றுபோகிறது. நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. தொலைபேசி எண் கொடுத்திருந்ததால் கணக்கும் முடக்கப்பட்டது. இழை தொடரட்டும்.

வடமராட்சியான்:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். என்ர மகளுக்குப் பதினாலு வயது, இங்கே தானியங்கி பம்ப் அரசு ஆஸ்பத்திரி மூலமாகத்தான் கிடைத்தது. 2023 டிசம்பரில், அரசு ஆஸ்பத்திரிகளில் எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று சொல்கிற நைஸ் என்ற அமைப்பு, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட டைப் 1 பிள்ளைகள் எல்லோருக்கும் இதைக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2024 ஏப்ரலில் இருந்து ஐந்து வருஷத்தில் படிப்படியாகக் கொடுப்பதாகத் திட்டம். எங்களுக்குக் காசு செலவில்லை, அதனால் காசைப் பற்றி நான் கதைப்பது சரியில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேணும். இங்கே இலவசமாகக் கிடைக்கிற இடத்திலும் முதல் நாளே கையில் தரவில்லை. முதலில் வகுப்பு, சாப்பாட்டுக் கணக்கு, கீட்டோன் (இன்சுலின் போதாவிட்டால் ரத்தத்தில் சேர்கிற அமிலம்) பார்ப்பது எப்படி என்று பழக்கினார்கள். பள்ளிக்கூட ஆசிரியைக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் எவ்வளவு மாவுச்சத்து என்று இங்கத்தை நேர்ஸுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம், அது வேறு கதை.

காவிரிக்கரை:

அண்ணா, அங்கே பயன்படுத்திய பழைய பம்ப் விலைக்குக் கிடைக்குமா? தப்பாக நினைக்க வேண்டாம்.

வடமராட்சியான்:

தப்பாக நினைக்கவில்லை தம்பி, நிறையப் பேர் கேட்கிறவை. பம்ப் எங்கட சொத்து இல்லை, ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுக்க வேணும். அப்படியே கிடைத்தாலும் அதற்கேற்ற செட், சென்சார் உங்கட ஊரில் ஒழுங்காகக் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பழுதானால் யாரிடம் போவீர்கள்? வேண்டாம்.

கீழமாசிவீதி:

ஆமாம், அந்த யோசனையே வேண்டாம். இப்போது யாரும் சொல்லாத பயமுறுத்தும் விஷயத்தை நான் சொல்கிறேன். பென்னில் ஒரு வேளை சாப்பாட்டு ஊசி மறந்தாலும் நீண்ட நேர இன்சுலின் உடம்பில் காவல் இருக்கும். பம்பில் அந்தக் காவல் இல்லை. உள்ளே இருப்பது வேக இன்சுலின் மட்டும். தோலுக்குள் போகும் கேனுலா என்ற மெல்லிய குழல் மடங்கினால், குழாயில் காற்று நின்றால், செட் பிடுங்கிக்கொண்டால், சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏற ஆரம்பிக்கும். ராத்திரி நடந்தால் காலையில் வாந்தியோடுதான் தெரியும்.

எனக்கு இதை முதலில் காட்டிக்கொடுப்பது மூக்கு. இன்சுலினுக்கு ஒரு மருந்து வாடை உண்டு, பழைய ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி. செட் ஒட்டிய இடத்தில் பிளாஸ்டர் ஓரம் ஈரமாக இருந்து அந்த வாடை வந்தால், இன்சுலின் உள்ளே போகாமல் சட்டைக்குப் போகிறது என்று அர்த்தம். திரையில் எல்லாம் சரியாகப் போனதாகக் காட்டும். சுகர் 250-க்கு மேல் போய், திருத்த டோஸ் போட்டும் இறங்கவில்லையா, உடனே கீட்டோன் பாருங்கள். அடுத்த டோஸ் பம்ப் வழியாக வேண்டாம், பென்னால் போடுங்கள். அப்புறம் செட்டை மாற்றுங்கள். இந்த வரிசையை வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

நர்ஸ்அக்கா:

இதோடு ஒன்று சேர்க்கிறேன், நம் ஊருக்கே உரிய ஆபத்து. இங்கே இன்சுலின் பாட்டில் இரண்டு வலிமையில் கிடைக்கிறது, மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். பம்புக்கு 100 மட்டும்தான். அவசரத்துக்கு அந்த பாட்டிலிலிருந்து சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால் ஆரஞ்சு மூடி போட்ட 100 சிரிஞ்சாக இருக்க வேண்டும். சிவப்பு மூடி 40 சிரிஞ்சில் "10 யூனிட்" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மருந்துக்கடையில் சிரிஞ்ச் என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் சிவப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். பம்ப் போட்ட வீட்டில் உபரியாக ஒரு அஸ்பார்ட் பென்னும் நீண்ட நேர இன்சுலின் பென்னும் எப்போதும் இருக்கட்டும். பம்ப் பழுதானால் அன்றைக்கே ஊசிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

காவிரிக்கரை:

இதெல்லாம் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. திருச்சி வெயிலுக்கு இன்சுலின் தாங்குமா? உடம்போடு ஒட்டித்தானே இருக்கும்?

கீழமாசிவீதி:

பம்பில் இருக்கும் இன்சுலின் 37 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பார்கள். மதுரைச் சித்திரையில் வெளியே அதைவிடக் கூடுதல். நான் வெயிலில் போகும்போது சட்டைக்கு உள்பக்கம் வைத்துக்கொள்வேன், இரண்டு நாளுக்கான இன்சுலினை மட்டும்தான் நிரப்புவேன். 300 யூனிட் பிடிக்கும் என்பதற்காக நிறைத்து வைப்பதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்க, சில்லோடு நிரப்பாதீர்கள். பாட்டிலை வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் நிரப்பினால் குமிழி குறையும்.

அப்புறம் சார், இவ்வளவு பேர் பேசிவிட்டோம். பொண்ணு என்ன சொல்கிறாள்? பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்காமல் மாட்டினால் பதினாலு வயதில் கழற்றி எறிவாள்.

காவிரிக்கரை:

இந்த இழையை நேற்று ராத்திரி அவளையே படிக்க வைத்தேன். பரோட்டா வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். மாட்டிக்கொள்ள மறுப்பு இல்லை, ஆனால் வகுப்பில் யாரும் பார்க்கக்கூடாது என்கிறாள். கோ-கோ அணியில் இருக்கிறாள், ஓடும்போது என்ன செய்வது என்று கேட்கச் சொன்னாள்.

வீட்டில் எடுத்திருக்கும் முடிவு இது. இப்போது பம்ப் இல்லை. மூன்று மாதம் விடாமல் சென்சார், தராசு, கார்ப் நோட்டு. மருத்துவமனையில் கணக்கு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். டெக்லுடெக் அளவை சென்சார் படத்தைப் பார்த்து டாக்டரே மாற்றித் தருவதாகச் சொன்னார். அதற்கப்புறமும் விடியற்காலை ஏற்றம் அடங்காவிட்டால் பம்ப். 48-ஆல் வகுத்துப் பார்த்தேன், சமாளிக்கலாம், ஆனால் ஜூன் மாதம் இடிக்கிறது.

ஊசியே_போதும்:

மூன்று மாதத்தில் ஏ1சி ஏழரைக்கு வந்துவிட்டால் இங்கே வந்து சொல்லுங்கள். வராவிட்டாலும் சொல்லுங்கள், அப்போது நானே பம்ப் கட்சிக்கு மாறிப் பேசுகிறேன்.

சிறுவாணி:

பாப்பாவுக்கு நேரடியாகவே எழுதறேன். கண்ணு, யூனிஃபார்ம் சுடிதாருக்கு உள்பக்கம் இடுப்பில் ஒரு சின்ன பை வைத்துத் தைக்கச் சொல்லணும், குழாய் போக ஒரு பட்டன் ஓட்டை. எங்கள் டெய்லர் என் அக்கா மகளுக்குக்கூட இப்படித்தான் தைத்தார், அவள் மொபைல் வைக்க. வெளியே எதுவும் தெரியாது.

கோ-கோ ஆடும்போது செட்டை அப்படியே உடம்பில் விட்டுவிட்டு பம்பை மட்டும் கழற்றலாம், ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப மாட்டிடணும். கழற்றும்போது பம்பில் இன்சுலினை நிறுத்து என்று கொடுக்க மறக்காதே. இல்லாவிட்டால் உனக்குப் போகாத இன்சுலினைப் போனதாக அது கணக்கு வைத்துக்கொள்ளும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தற்காலிக இலக்கு என்ற வசதியில் இலக்கை 150-க்கு மாற்றி வை. குளுக்கோஸ் மாத்திரை கோச்சிடம் ஒன்று, உன் பையில் ஒன்று. கழற்றின பம்பை மைதானத்து ஓரத்தில் வெயிலில் வைக்காதே, துணியில் சுற்றித் தோழி யாரிடமாவது கொடு. அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வை, உனக்கு சுகர் லோ ஆனால் முதலில் கவனிக்கப்போவது அவள்தான்.